சுவருக்குள் மறைந்திருக்கும் அபாயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மின்கம்பியாளாகத் தொழில் புரியும் நான், பழுது பார்க்கச் சென்ற ஒரு வீட்டில் கண்ட அநியாயத்தைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிப்பது என் கடமை என்று கருதுகிறேன். வெளிப்பார்வைக்கு ஸ்விட்ச் போர்டு பளபளவென்று இருந்தது. திறந்து பார்த்தபோதோ, 2,000 வாட் வாட்டர் ஹீட்டருக்கு விளக்குக்கு மட்டுமே உகந்த 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்து, எர்த் ஒயர் போடாமல், சாக்கெட்டின் எர்த் முனையை நியூட்ரலுடனேயே பிணைத்து, ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தது தெரியவந்தது. நியூட்ரல் எங்கேனும் அறுந்துபோனால், ஹீட்டரின் உலோக உடலில் 230 வோல்ட் ஏறி, ஈரக் கையால் தொடுகிறவரின் பிராணனையே வாங்கிவிடும். ஒயர் கொதித்துத் தீப்பற்றினாலும் அந்த ஃபியூஸ் உருகாது.

இத்தகைய வேலை அபூர்வமன்று என்பதே என் வேதனை. தகுதிச் சான்றிதழ் பெற்றவரைக் கொண்டே வேலை செய்வித்து, சுவர் பூசுவதற்கு முன்பே எர்த் இணைப்பைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனத்தைப் பொருத்துமாறு ஒவ்வொரு குடும்பத்தாரையும், புதிய இணைப்புக் கொடுக்குமுன் வீட்டினுள்ளே வந்து பரிசோதிக்குமாறு அதிகாரிகளையும் விநயத்துடன் வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு மின்கம்பியாள்