கடனும் காரும்

நுழையும் முன்

வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் செய்திகளுள் கடனும் ஒன்று. பிள்ளைகள் அறைக்குள் நுழைந்ததும் அப்பேச்சு நின்றுவிடும். பல கடன்கள் இருக்கையில் எதை முதலில் அடைப்பது, விரும்பிய பொருளை எப்போது வாங்குவது என்பவை பிள்ளைகளும் அறியத்தக்க செய்திகள் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தில்லியின் மயூர் விஹார் பகுதியில் வாடகை வீட்டில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தந்தை அலுவலகம் ஒன்றில் எழுத்தர். தாய் மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். இருவர் வருவாயும் சேர்ந்து மாதம் ரூ. 62,000. பள்ளியில் பயிலும் பிள்ளைகள் இருவர். தாத்தாவின் மறைவுக்குப் பின் திருநெல்வேலியை விட்டு வந்து மகனுடன் தங்கியிருக்கும் ஆச்சிக்கு முழங்கால் வலி. மாதம் இருமுறை அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சனவரி மாதப் பனியில், போர்வையைப் போர்த்திக்கொண்டு தெருமுனையில் ஆட்டோவுக்காக ஆச்சி காத்து நிற்பதைக் காணும்போதெல்லாம், ஒரு பழைய காராவது இருக்கக்கூடாதா என்ற ஏக்கம் அனைவர் உள்ளத்திலும் எழுகிறது.

இந்த ஆசை பெருமைக்காக எழுந்ததன்று, அன்பினால் எழுந்தது. ஆகவே இதனைப் பழிப்பதற்கில்லை. எனினும் அன்பினால் எழும் ஆசையும் கணக்குக்குக் கட்டுப்பட்டதே.

அக்குடும்பத்துக்கு மூன்று கடன்கள் உள்ளன. தாத்தா நோயுற்ற நாளில் எல்லாரும் விமானத்தில் விரைந்து ஊர் சென்றனர். அச்செலவும் மருத்துவச் செலவும் சேர்ந்து கடன் அட்டையில் ரூ. 60,000 நிலுவையாக நிற்கிறது. ஊரில் உள்ள வீட்டின் கூரையைப் பழுதுபார்க்க வாங்கிய தனிநபர் கடனில் ரூ. 1,20,000 மீதமுள்ளது, 14 விழுக்காடு வட்டியில் மாதத் தவணை ரூ. 5,760 வீதம் இன்னும் 24 தவணைகள் கட்ட வேண்டும். தாயின் நான்கு வளையல்களை அடகு வைத்துப் பெற்ற நகைக் கடன் ரூ. 1,00,000. அதற்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அதாவது மாதம் ரூ. 1,000 வட்டி.

அக்குடும்பத்தின் மாதச் செலவு வருமாறு:

வீட்டு வாடகை – ரூ. 16,000
மளிகை, பால், காய்கறி, எரிவாயு – ரூ. 14,000
பள்ளிக் கட்டணம், மின்சாரம், தொலைபேசி – ரூ. 9,000
ஊருக்கு அனுப்புவது – ரூ. 4,000
பேருந்து, மெட்ரோ – ரூ. 3,000
மருந்தும் மருத்துவமனைப் பயணமும் – ரூ. 2,500
கடன் அட்டைக்குக் குறைந்தபட்சத் தொகை – ரூ. 3,000
நகைக் கடன் வட்டி – ரூ. 1,000
தனிநபர் கடன் தவணை – ரூ. 5,760

மொத்தம் ரூ. 58,260. மாத இறுதியில் கையில் எஞ்சுவது ரூ. 3,740.

இந்நிலையில் ரூ. 3,00,000 விலையுள்ள பழைய கார் ஒன்று விற்பனைக்கு வருகிறது. ரூ. 50,000-ஐ எப்படியேனும் புரட்டி, மீதி ரூ. 2,50,000-ஐ 14 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 5,820. கையில் எஞ்சுவதோ ரூ. 3,740. சற்றே இறுக்கிப் பிடித்தால் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். பலர் இடறி விழும் இடம் இதுவே. காரின் விலை வேறு. காரை வைத்திருக்கும் செலவு வேறு. பெட்ரோல், காப்பீடு, பழுதுபார்ப்பு, வண்டி நிறுத்தும் கட்டணம் ஆகியவற்றுக்குச் சிக்கனமாகக் கணக்கிட்டாலும் மாதம் ரூ. 5,000 வேண்டும். தவணையும் இச்செலவும் சேர்ந்தால் ரூ. 10,820. கையிருப்புப் போக மாதந்தோறும் ரூ. 7,080 பற்றாக்குறை ஏற்படும். அப்பற்றாக்குறையை நிரப்ப மீண்டும் கடன் அட்டையே கைகொடுக்கும். கை கொடுப்பது போல் வந்து கழுத்தைப் பிடிப்பது அதன் இயல்பு.

கடன் அட்டையின் இயல்பைக் கணக்கால் அறியலாம். அதன் வட்டி மாதத்துக்கு 3.5 விழுக்காடு எனக் கொண்டால் ஆண்டுக்கு 42 விழுக்காடு. ரூ. 60,000 நிலுவைக்கு ஒரு மாத வட்டி ரூ. 2,100. அவ்வட்டியின் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி ரூ. 378. குறைந்தபட்சத் தொகையான ரூ. 3,000-ஐத் தவறாமல் கட்டினாலும் அசலில் கழிவது ரூ. 522 மட்டுமே. தவறாமல் கட்டுகிறோம் என்ற நிறைவு குடும்பத்துக்கு இருக்கும்; கடனோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

எனவே முதலில் அடைக்க வேண்டியது கடன் அட்டை நிலுவையே. இதற்குப் பல வீடுகளில் மறுப்பு எழும். முதலில் வளையல்களை மீட்க வேண்டும், ஊரில் நடக்கும் திருமணத்துக்கு வெறுங்கையுடன் எப்படிப் போவது என்று தாய் வருந்துவார். அவ்வருத்தம் பொருளற்றதன்று. அடகுக்குப் போன வளையல் வெறும் பொன்னன்று. அது தாய்வீட்டுச் சீர். ஆயினும் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. ரூ. 1,000-ஐ நகைக் கடனில் கட்டினால் மாத வட்டி ரூ. 10 குறையும். அதே ரூ. 1,000-ஐக் கடன் அட்டையில் கட்டினால் வட்டி மட்டும் ரூ. 35 குறையும். கடன் அட்டையை முதலில் அடைப்பது வளையல்களை மறப்பதாகாது. அவற்றை விரைவில் மீட்பதற்கான வழியாகும். அதுவரை நகைக் கடனுக்கு வட்டியைத் தவறாமல் செலுத்தி, கெடு முடியுமுன் வங்கியின் விதிப்படி அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கெடுவை மறந்தால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

அக்குடும்பம் கடன் அட்டையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, எஞ்சும் ரூ. 3,740-ஐயும் குறைந்தபட்சத் தொகையோடு சேர்த்து மாதம் ரூ. 6,740 கட்டுவதாகக் கொள்ளலாம். பன்னிரண்டாம் மாதத்தில் அந்நிலுவை தீர்ந்துவிடும். அதன்பின் அத்தொகையையும் முன்பு கட்டிவந்த வட்டி ரூ. 1,000-ஐயும் சேர்த்து, மாதம் ரூ. 7,740-ஐ நகைக் கடனுக்குத் திருப்ப வேண்டும். இதற்கிடையில் தனிநபர் கடனின் 24 தவணைகளும் முடிந்துவிடும். இருபத்தைந்தாம் மாதத்தில் வளையல்கள் வீடு திரும்பும். மூன்று கடன்களும் தீர்ந்த அந்நாளில், மாதந்தோறும் கையில் நிற்கும் தொகை ரூ. 13,500. அதை ஓராண்டு சேர்த்தால் ரூ. 1,62,000, கார் விலையில் பாதிக்கு மேல் கைவசம் இருக்கும். இருபத்திரண்டு மாதம் பொறுத்தால் கடனே இல்லாமல் காரை வாங்கிவிடலாம்.

வருவாய் வரும் வழி சிறிதாயினும், அது போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்தைத் திருக்குறள் 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்திருக்கிறது. தன் வலிமையை அறிதல் என்பது போர்க்களத்துக்கு மட்டும் உரியதன்று. அடுப்பங்கரைக்கும் உரியது என்பதை இதனால் உணரலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்துக் கார் வரும். அதுவரை ஆச்சியின் முழங்கால் காத்திருக்குமா? இது புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. முதுமைக்குத் தவணை கிடையாது. ஆனால் ஆச்சிக்கு இன்று வேண்டியது சொந்தக் கார் அன்று. மருத்துவமனைக்கு வலியின்றிப் போய்வரும் வழியே. போகவர ரூ. 600 என்று கொண்டால், மாதம் இருமுறை வாடகைக் கார் வைத்துக்கொள்ள ரூ. 1,200 போதும். சொந்தக் காருக்கு ஆகும் ரூ. 10,820 இதைப்போல் ஒன்பது மடங்கு. 'மருந்தும் மருத்துவமனைப் பயணமும்' என்னும் ரூ. 2,500-க்குள் இச்செலவை அடக்க முடியாவிட்டால் வேறொரு செலவைக் குறைக்கலாம். கடன் அட்டை தீர்வது ஓரிரு மாதம் தள்ளிப்போனாலும் தாழ்வில்லை. ஆச்சியைப் பனியில் நிறுத்திவிட்டுக் கடனை அடைப்பது சிக்கனமாகாது. ஆச்சியின் பெயரைச் சொல்லிக் கடனை வளர்ப்பது அன்பாகாது.

கார் வாங்கும் காலம் வரும்போதும் விலையை மட்டும் பார்த்தல் கூடாது. தில்லியிலும் அதைச் சூழ்ந்த தேசியத் தலைநகர்ப் பகுதியிலும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்னும் தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025-இல் அந்நீதிமன்றமே சில தளர்வுகளை அளித்தது. விதிகள் இவ்வாறு மாறக்கூடியவை ஆதலின், வாங்கும் நாளில் நடப்பிலுள்ள விதியை அறிந்துகொள்வது இன்றியமையாதது. மிகவும் மலிவாகக் கிடைக்கும் வண்டி, ஓட்டுவதற்கு நாளில்லாத வண்டியாகவும் இருக்கலாம். பதிவுச் சான்றிதழில் முந்தைய உரிமையாளரின் வங்கிக் கடன் குறிக்கப்பட்டுள்ளதா, அபராதம் நிலுவையில் உள்ளதா, புகைச் சான்றிதழ் உள்ளதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று வண்டியை ஓட்டிப் பார்ப்பதும் நன்று. பணிமாற்றம் பெறும் குடும்பத்தினர் மற்றொன்றையும் எண்ண வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குத் தடையின்மைச் சான்றும் புதிய வரியும் தேவைப்படும்.

இவை அனைத்தையும் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று பெற்றோர் தயங்குவர். பிள்ளைகளின் மனம் வாடும் என்பது அவர்தம் அச்சம். உண்மையில் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஓரளவு அறிந்தே இருக்கின்றனர். தாயின் கையில் வளையல் இல்லாததையும், தொலைபேசி ஒலித்தால் தந்தை பால்கனிக்குச் செல்வதையும் அவர்கள் காண்கின்றனர். காரணம் தெரியாதபோது அச்சமே பெரிதாகிறது. ஆகவே மாதம் ஒருமுறை வீட்டுக் கணக்கேட்டைக் குடும்பம் முழுவதும் சேர்ந்து பார்ப்பது நல்ல பழக்கமாகும். வட்டியைக் கணக்கிட்டுச் சொல்லும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடலாம். விழுக்காட்டுக் கணக்கைப் பள்ளியில் கற்ற பிள்ளைக்கு அது வீட்டில் பயன்படும் நாள் அதுவே.

நிலுவைத் தொகை மாதந்தோறும் குறைவதைத் தம் கையால் எழுதும் பிள்ளைகள், கார் வேண்டும் என்று அடம்பிடிக்க மாட்டார்கள். அது எப்போது வரும் என்பதை அவர்களே கணக்கிட்டுச் சொல்வார்கள். அந்நாள் வரும்வரை, மாதம் இருமுறை வாசலில் வந்து நிற்கும் வாடகைக் காரின் கதவை ஆச்சிக்குத் திறந்துவிடும் கைகளும் அவர்களுடையவையாகவே இருக்கும்.

சிந்தித்து விடை எழுதுக

1. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் அட்டை நிலுவை விரைவில் குறையாதது ஏன்? பாடத்திலுள்ள கணக்கைக் கொண்டு விளக்குக.
2. வளையல்களை முதலில் மீட்க வேண்டும் என்னும் கருத்துக்கு உடன்பட்டோ மறுத்தோ ஒரு பத்தி எழுதுக.
3. சொந்தக் கார், வாடகைக் கார் ஆகிய இரண்டின் மாதச் செலவையும் ஒப்பிடுக.
4. வீட்டுக் கடனைப் பற்றிப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டுமா? வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் கருத்தைத் தமிழில் எழுதி வருக.