கோப்பியும் பரீட்சையும்

பரீட்சை நெருங்கிவிட்டால் மாணவர் உள்ள வீடுகளிலே நள்ளிரவிலும் அடுப்பு ஓய்வதில்லை. அண்மையில் ஒரு தாயார், “மகன் சோறு உண்பது குறைவு, கோப்பிதான் அதிகம். ஆயினும் உடல் பருக்கின்றதே!” என்று என்னிடம் குறைப்பட்டார்.

பாலும் சீனியும் சேராத கோப்பியில் கோப்பையொன்றுக்கு இரண்டு மூன்று கலோரியே உண்டு. அதன்மீது மட்டும் பழி சுமத்துதல் நியாயமன்று. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அதிரீனல் சுரப்பிகள், மனம் கலங்கும்போது கோட்டிசோல் என்னும் ஓமோனை மிகுதியாகச் சுரக்கின்றன. கலக்கம் வாரக்கணக்கில் நீடித்தால் இவ்வோமோன் பசியைத் தூண்டும். இனிப்பில் நாட்டத்தை வளர்க்கும். வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரவும் வழிசெய்யும். கோப்பியிலுள்ள கஃபீனும் அதன் சுரப்பை உயர்த்தவல்லது. நாள்தோறும் அருந்துவோரிடம் அவ்விளைவு பெரிதும் தணிந்துவிடும்.

பெருங்கேடு உறக்கத்திலேதான். உட்கொண்ட கஃபீனிற் பாதி உடலைவிட்டு நீங்க ஏறக்குறைய 5 மணி நேரம் செல்லும். இரவு 10 மணிக்கு அருந்தியதிற் பாதி, அதிகாலை 3 மணிக்கும் உடலில் நிற்கும். துயில் குன்றினால் மறுநாள் பசி மிகும்.

தாயார் பின்பு ஒன்றை ஒப்புக்கொண்டார்: கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி, உடன் விசுக்கோத்து! அச்சீனி மட்டுமே ஏறத்தாழ 50 கலோரி. நாளுக்கு ஆறு கோப்பையெனில் 300.

“பிற்பகலுக்குப் பின் கோப்பி வேண்டாம், பத்து மணிக்கு உறங்கவிடுங்கள்” என்றேன்.

“அப்படியானால் பாடம்?”

“விடியலில் எழுப்பிவிடுங்கள், அம்மா.”