ஆப் கேள்வி கேட்கும், ‘எப்படிப் போட்டே?’ என்று கேட்பது யார்?

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறுபவர்கள் எல்லோரும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஆனால் செஞ்சியோ சென்னையோ, வகுப்பறையில் எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம்தான். இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுபவை ‘அடாப்டிவ் லேர்னிங்’ ஆப்கள்.

எப்படி வேலை செய்கின்றன?

மாணவர் தரும் விடையைப் பார்த்து, அடுத்த கேள்வியை ஆப் முடிவு செய்யும். பின்னத்தில் தடுமாறினால் வகுத்தலுக்கு இறக்கும். சரியாகப் போட்டால் ஒரு படி ஏற்றும்.

பலன் உண்டா?

உண்டு. டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளை வைத்து கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. நாலரை மாதத்தில் கணக்கு, இந்தி இரண்டிலும் நல்ல முன்னேற்றம். அதற்கு முக்கியக் காரணம் மென்பொருள்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அதுக்காக பிள்ளைகளை ஸ்கிரீனோட தனியா விட்டுட்டாங்களா? இல்லை. 90 நிமிடத்தில் 45 நிமிடம் கணினி. மீதி 45 நிமிடம் சிறு குழுவாக ஓர் உதவியாளரோடு. தவறாமல் வர வைப்பதும் அவர் வேலை.

வீட்டில் என்ன நடக்கிறது?

தோணின விடையைத் தட்டிட்டுப் போறது, ‘குறிப்பு’ பட்டனை அழுத்தி அழுத்தி விடையை வாங்குறது, அண்ணனைப் போடச் சொல்றது. இதெல்லாம் ஆப்புக்கு முழுசாகத் தெரியாது. தவறான கணிப்பில் தவறான கேள்வியைத்தான் தரும். பிள்ளைக்கு உண்மையில் எங்கே சிக்கல் என்பது மறைந்துவிடும்.

அதனால், பயிற்சி நேரம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, தினமும் இருக்கட்டும். கணக்கை நோட்டில் போட்டுவிட்டு விடையைத் தட்டட்டும். வாரம் ஒருமுறை ரிப்போர்ட்டில் மதிப்பெண்ணைவிட, திரும்பத் திரும்ப வரும் தவறைப் பாருங்கள். சரியான விடைக்கும் ‘எப்படிப் போட்டே?’ என்று கேளுங்கள்.

கேட்க ஆளில்லாத வீடுகள்?

அங்கேதான் அரசின் பொறுப்பு. செஞ்சி இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. கொரோனாவுக்குப் பிறகு தமிழக கிராமப்புறப் பிள்ளைகள் மீட்டெடுத்த கற்றலில் சுமார் 24 சதவீதம் அத்திட்டத்தால் வந்தது என்று பிந்தைய ஆய்வு காட்டியது. மாலையில் வந்து உட்கார்ந்த உள்ளூர்த் தன்னார்வலர்கள்தான் அதற்குக் காரணம்.

ஆப்புக்கும் டேப்லெட்டுக்கும் பணம் ஒதுக்கும்போதே, பக்கத்தில் உட்காரும் ஆளுக்கும் ஒதுக்க வேண்டும். இல்லையென்றால், கேட்க ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளை மட்டும்தான் மேலே ஏறும்.