அடங்கலில் ஏறாத இழப்பு

தை மாதத்து மழையைக் காவிரி டெல்டாவில் யாரும் விரும்புவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் பயிர் இளசாக இருக்கும், தண்ணீரை வடித்து ஓரளவாவது மீட்டுவிடலாம். தையில் சம்பா கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கும். அந்த நேரத்தில் காற்றோடு இரண்டு நாள் மழை அடித்தால் பயிர் படுத்துவிடும். படுத்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிடும். அறுப்புக்கு முன்பாக நெல்லுக்குள் தெளித்த உளுந்து அழுகிப்போகும். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் இதுதான் நடந்தது. வங்கக் கடலில் உருவாகி இலங்கைக் கரையைக் கடந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற சம்பா, தாளடிப் பயிர்களைச் சாய்த்துப் போட்டது.

அரசு மெத்தனமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அமைச்சர்கள் டெல்டாவுக்கு வந்து பார்த்தார்கள். சில நாட்களிலேயே முதலமைச்சர் நிவாரணம் அறிவித்தார். 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய். பாதிக்கப்பட்ட இளம் பயறு வகைகளுக்கு ஹெக்டேருக்கு 3,000 ரூபாய். மீண்டும் விதைக்க ஹெக்டேருக்கு 8 கிலோ பயறு விதை, பாதி விலையில். சாய்ந்த பயிரை உடனே அறுக்க வேளாண் பொறியியல் துறையின் அறுவடை இயந்திரங்கள், பாதி வாடகையில். இவை எல்லாமே தேவையான உதவிகள். போதவில்லை என்று விவசாயச் சங்கங்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு.

ஆனால் அந்த அறிவிப்பை வரிவரியாகப் படித்தால் ஒன்று கண்ணில் படும். பயிருக்கு உதவி இருக்கிறது, விதைக்கு உதவி இருக்கிறது, இயந்திரத்தின் வாடகைக்குக்கூட உதவி இருக்கிறது. அந்த வயலில் கூலிக்கு இறங்கும் மனிதருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. இது 2023இல் யாரோ ஒரு அதிகாரி மறந்துபோன சங்கதி அல்ல. பயிர்ச் சேதத்தை அரசு அளக்கும் முறையே அப்படித்தான் இருக்கிறது.

அந்த முறையைக் கொஞ்சம் பார்ப்போம். மழை விட்டதும் வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுப்பு நடத்தும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேட்டில் எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பில், யார் பெயரில், என்ன பயிர் என்று இருக்கும். எந்தப் புல எண்ணில் 33 விழுக்காட்டுக்கு மேல் சேதம் என்று குறிப்பார்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கொடுத்தால் பணம் கணக்கில் ஏறும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி நிலம். நிலம் இல்லாதவருக்குப் புல எண் இல்லை. புல எண் இல்லாதவருக்குச் சேதமும் இல்லை. பயிர்க் காப்பீடும் இதே வழியில்தான் போகிறது. அது சாகுபடி செய்பவரின் மகசூல் இழப்பைத்தான் பார்க்கும், கூலி இழப்பைப் பார்க்காது.

டெல்டாவில் நிலம் இல்லாதவர் யார் என்பது ரகசியம் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, திருவாரூர் மாவட்டத்தில் மட்டும் 34 விழுக்காடு. வயல் வேலையின் பெரும்பகுதியைத் தலைமுறைகளாகச் சுமந்தவர்கள் இவர்கள்தான். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று தனியாக ஒரு சட்டம் போடும் அளவுக்கு இங்கே பண்ணையடிமை முறை இறுகிக் கிடந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னால் இருந்தது கூலி உயர்வுக் கோரிக்கை. அடுத்த ஆண்டே நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலியை அரசு சட்டத்தில் எழுத வேண்டும் என்பதற்கே இந்த மண்ணில் இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது. நிலம் மட்டும் பெரிதாகக் கைமாறவில்லை. இந்திய அளவில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பு காட்டுவதும் அதைத்தான்: மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு இருக்கும் பட்டியல் சாதியினரிடம் உள்ள சாகுபடிப் பரப்பு 9 விழுக்காட்டுக்கும் குறைவு.

இப்படிச் சாதியால் பங்கிடப்பட்ட நிலத்தின் மீது, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று நிவாரணத்தை ஊற்றினால் அதுவும் சாதி வழியாகத்தான் பாயும். இதற்கு எந்த அதிகாரியும் சாதி பார்க்க வேண்டியதில்லை. விதியை அப்படியே நேர்மையாக நடைமுறைப்படுத்தினாலே போதும். ஊர்த் தெருவில் பணம் ஏறும், சேரியில் ஏறாது. தீண்டாமை என்றதும் தனிக்குவளையையும் தனிச் சுடுகாட்டையும் நினைக்கப் பழகியிருக்கிறோம். அளவுகோலிலும் அது இருக்க முடியும் என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

இதைச் சொன்னால் ஒரு மறுப்பு உடனே வரும். இப்போது அறுவடை முழுவதும் இயந்திரம்தான், மழையால் கூலிக்காரர்களுக்கு என்ன நட்டம் என்று கேட்பார்கள். கிராமப் பொருளாதாரம் குறித்து ஆய்வு செய்கிறவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை நான் அலுவலகங்களிலும் கேட்டிருக்கிறேன், கருத்தரங்குகளிலும் கேட்டிருக்கிறேன். அறுவாளின் இடத்தை இயந்திரம் பிடித்துக்கொண்டது உண்மை. ஆனால் அறுவடையோடு ஒட்டிய மற்ற வேலைகள் இன்னும் கைகளில்தான் இருக்கின்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் காயவைக்கவும் தூற்றவும் மூட்டை பிடிக்கவும் ஆள் வேண்டும். சுமை தூக்குவோருக்கு மூட்டைக் கணக்கில்தான் கூலி. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிற்கிற நாளில் விவசாயி தார்ப்பாயோடு காத்திருக்கிறார், சுமை தூக்குபவர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். முதலாமவரின் காத்திருப்பு செய்தியாகிறது. நெல்லின் ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதுகிறது. இரண்டாமவருக்காக எழுதப்படும் கடிதம் எதுவும் இல்லை.

இதைவிடப் பெரிய இழப்பு உளுந்தில் இருக்கிறது. நெல் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈர வயலில் தெளிக்கும் உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் பறிப்புக்கு வரும். அது இன்றும் பெரும்பாலும் பெண்களின் வேலை. குனிந்து செடியைப் பறித்து, களத்தில் சேர்த்து, அடித்துத் தூற்ற வேண்டும். கூலியைச் சில ஊர்களில் பணமாகக் கொடுப்பார்கள், சில ஊர்களில் பறித்ததில் பங்காகக் கொடுப்பார்கள். தை அறுவடை முடிந்தால் ஜூன் 12இல் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கும் வரை வயலில் இருக்கும் பெரிய வேலை இது ஒன்றுதான். பிப்ரவரி மழையில் உளுந்து அழுகினால் நிலம் வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு 3,000 ரூபாய் வருகிறது. பறிக்க வேண்டியவருக்கு அந்தப் பருவமே போய்விடுகிறது. நனைந்து மக்கிய வைக்கோலையும் இதோடு சேர்க்க வேண்டும். சொந்தமாக நிலம் இல்லாமல் ஒன்றிரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அது தீவன நட்டம்.

நான் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவன். தை முதல் சித்திரை வரை வரும் வருமானத்தைக் கொண்டுதான் ஆண்டின் பெரிய செலவுகளை அடைப்பார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும், அடகு வைத்த நகையை மீட்பதும், கூரை மாற்றுவதும் அந்த மாதங்களுக்காகக் காத்திருக்கும். இன்று அதோடு மகளிர் குழுக் கடனும் சேர்ந்துவிட்டது. மழை பெய்தாலும் வேலை இல்லாவிட்டாலும் தவணைக்காரர் வந்து நிற்கிற நாள் மாறாது. அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு இடத்தில் கடன் வாங்குவார்கள். பேரிடர் இழப்பு என்று எந்தக் கோப்பிலும் இது பதிவாவதில்லை.

அப்படியானால் இது விவசாயிகளுக்கு எதிரான வாதமா? இல்லை. ஹெக்டேருக்கு 20,000 என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 8,000 ரூபாய்தான். போட்ட முதலில் ஒரு பகுதிக்குக்கூட அது வராது. சிறு விவசாயியும் இந்த மழையில் நொடித்துத்தான் போகிறார். அதிலும் குத்தகை விவசாயியின் நிலை இன்னும் சிக்கலானது. கோயில், மடத்து நிலங்கள் நிறைந்த டெல்டாவில் வாய்மொழிக் குத்தகையும் உள்குத்தகையும் சாதாரணம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்தும், உழுபவர் ஒருவராகவும் பதிவேட்டில் இருப்பவர் வேறொருவராகவும் இருக்கும் நிலங்கள் இன்றும் உண்டு. அங்கே நட்டம் ஒருவருக்கு, நிவாரணம் இன்னொருவருக்கு. வாரத்துக்கு உழும் தலித் விவசாயியும் நிலமற்ற தொழிலாளியும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம்தான் நிற்கிறார்கள். இருவருமே அடங்கலுக்கு வெளியே இருப்பவர்கள். ‘விவசாயி’ என்ற சொல்லுக்கு நாம் உருகும்போது அந்தச் சொல்லுக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். பச்சைத் துண்டுக்குப் பின்னால் நிற்பவர்களையும் எண்ணாமல் டெல்டாவைக் காக்க முடியாது.

கூலி இழப்பை எப்படி அளப்பது, யார் தொழிலாளி என்று எப்படி அடையாளம் காண்பது, இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்து வராது என்பது அடுத்த மறுப்பு. இதற்குப் பதில் அரசிடமே இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களின் வருமான இழப்புக்கு மீனவக் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் நிவாரணம் கொடுக்கிறது. மழைக்காலத்தில் வேலை இழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022இல் தொடங்கியது. உப்பளத்துக்குப் பெயர்பெற்ற வேதாரண்யம் இருப்பது இதே நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான். மழையால் உப்பளத்தில் போகும் வேலை நாளை எண்ணத் தெரிந்த அரசுக்கு, பக்கத்து வயலில் போகும் வேலை நாளை எண்ணவும் தெரியும்.

பட்டியலும் புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விவசாயத் தொழிலாளர்களும் உறுப்பினர்கள். கல்வி உதவி, திருமண உதவி, விபத்து, மரண உதவி எல்லாம் வருவாய்த் துறை வழியாகத்தான் அவர்களுக்குப் போகிறது. நூறு நாள் வேலை அட்டை ஊர்தோறும் இருக்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான ஒன்றிய அரசின் விதிகளிலேயே, வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவ ஓர் இனம் இருக்கிறது. விதியும் உண்டு, ஆட்களின் பட்டியலும் உண்டு, வேறு தொழில்களில் முன்னுதாரணமும் உண்டு. இல்லாதது, வயல் கூலியை ஓர் இழப்பாகப் பார்க்கும் மனம்.

விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் பல ஆண்டுகளாக எழுப்பிவரும் கோரிக்கையைத்தான் இங்கே இன்னும் குறிப்பாக வைக்கிறேன். பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு நடக்கும் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் சேத ஹெக்டேரோடு இழந்த வேலை நாட்களையும் பதிவு செய்ய வேண்டும். நிலத்துக்கான நிவாரணம் அறிவிக்கப்படும் அதே அரசாணையில் தொழிலாளர் குடும்பத்துக்கான நிவாரணமும் வர வேண்டும். அந்தப் பணம் குடும்பத்தின் உழைக்கும் பெண்ணின் கணக்கில் ஏற வேண்டும். இவர் தொழிலாளிதான் என்று நிலவுடைமையாளரிடம் கையெழுத்து வாங்கும் நிலை எந்தக் காரணம் கொண்டும் வரக்கூடாது. வந்தால் நிவாரணமே இன்னொரு பண்ணையடிமைச் சீட்டாகிவிடும். பட்டியலை கிராம சபையில் வாசித்து முடிவு செய்தால் போதும்.

1947இல் அம்பேத்கர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ இதையெல்லாம் தாண்டிச் சென்றது. நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி வேறுபாடின்றிக் கிராமத்தாருக்குக் கூட்டுப் பண்ணையாகத் தரப்பட வேண்டும், நிலப்பிரபுவும் குத்தகைதாரரும் நிலமற்ற தொழிலாளியும் இல்லாத நிலை வர வேண்டும் என்றார் அவர். அந்தக் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. கூலி இழப்புக்கு நிவாரணம் கேட்பது நிலக் கேள்விக்கு மாற்றாகாது. ஆனால் நிலம் கிடைக்கும் வரை மழை காத்திருக்கப் போவதில்லை.

பருவம் தவறிய மழை இன்னொரு தையில் மீண்டும் வரும். அப்போதும் தண்ணீரில் படுத்துக் கிடக்கும் கதிர்களின் படங்கள் நம் கைப்பேசிகளில் சுற்றும், நாமும் பகிர்வோம். அதோடு இன்னொரு வேலையையும் செய்வோம். நிவாரண அரசாணை வந்ததும் அதைத் தரவிறக்கி, ‘தொழிலாளர்’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்போம். இல்லையென்றால் ஏன் இல்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம். கிராம சபையில் எழுந்து கேட்போம், உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். கேட்டுக் கேட்டுத்தான் கூலியே இந்த மண்ணில் சட்டமானது.