தில்லி கேட்காத நினைவுகள்

பெங்களூரு தொம்மலூரில், ராணுவ நிலங்களை ஒட்டிய குடியிருப்புகளில், ஓய்வுபெற்ற படைவீரர்கள் பலர் வாழ்கின்றனர். இலங்கை சென்று திரும்பியோர் இருவர் சந்தித்தால், பழைய அதிகாரி ஒருவரைப் பரிகசித்துத் தொடங்கும் பேச்சு, யாழ்ப்பாணத்தில் வீழ்ந்த தோழனின் பெயரில் தயங்கி நிற்கும்.

1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படை இழந்தது ஏறத்தாழ 1,200 பேரை. 1987 நவம்பர் 25-ல் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. மற்றவர்களை எத்தனை பேர் அறிவர்?

சென்னை திரும்பிய படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி செல்லவில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் கொல்லப்பட்டதை எண்ணினால், தமிழகத்தின் அந்தக் கோபத்தைக் குறைகூற இயலாது. ஆனால், படையை அனுப்பும் முடிவை எடுத்தது தில்லி, சிப்பாய் அல்ல.

கொழும்பு அருகே அவர்களுக்கு நினைவுச்சின்னம் உண்டு. தில்லியில் தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டதோ 2019-ல்தான். கல்லில் பெயர் பொறித்தால் மட்டும் போதாது. அந்த வீரர்களின் நினைவுகளைப் பாதுகாப்பு அமைச்சகம் முறையாகப் பதிவு செய்ய வேண்டும், மருத்துவமனையில் நடந்தது உள்பட. அன்று இருபது வயதில் கப்பலேறியவர்களே இப்போது அறுபதை நெருங்கிவிட்டனர்.