காப்பியைக் குலுக்கிப் பாருங்கள்

பாயான் லெப்பாஸில் காப்பிக்குப் பஞ்சமில்லை. 1972-இல் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியதிலிருந்து தொழிற்சாலைகளில் இரவும் பகலும் ஷிஃப்ட் ஓடுகிறது. கண் சொக்கும் நேரத்தில் கை தேடுவது ஒரு ‘கோப்பி ஓ’வைத்தான். அதே காப்பித்தூளில், வார இறுதியில் வீட்டுக்கு வரும் நண்பர்களுக்கு ஒரு காக்டெய்ல் செய்து கொடுக்கலாம். ஒரு சொட்டு மதுவும் வேண்டாம்.

காப்பி காக்டெய்ல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ‘எஸ்பிரசோ மார்ட்டினி’. 1980களில் லண்டனில் டிக் பிராட்செல் என்பவர் உருவாக்கியது. வோட்கா, காப்பி மது, சர்க்கரைப்பாகு, எஸ்பிரசோ ஆகியவற்றை ஐஸுடன் குலுக்கி வடிகட்டுவார்கள். அதன் அழகு மேலே நிற்கும் நுரையில் இருக்கிறது. அந்த நுரைக்கு மது தேவையில்லை. கெட்டிக் காப்பி, ஐஸ், கை வலிக்கக் குலுக்குவது, இவை போதும்.

நம் ஊர்க் காப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பதால் அதன் நிறமும் கசப்பும் எஸ்பிரசோவுக்கு ஈடு கொடுக்கும்.

இருவருக்குத் தேவையானவை: காப்பித்தூள் 3 மேசைக்கரண்டி, கொதிநீர் 200 மில்லிலிட்டர், குலா மலாக்கா பாகு 3 மேசைக்கரண்டி, கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் 2 மேசைக்கரண்டி, ஐஸ்.

கடலைத் தண்ணீரா என்று கேட்காதீர்கள். சுண்டல் செய்யும்போது கீழே கொட்டுகிறோமே, அதில் கரைந்திருக்கும் புரதம்தான் நுரையைப் பிடித்து வைக்கிறது. உப்புப் போடாமல் வேகவைத்து, கொழகொழவென்று வரும்வரை சுண்ட விடுங்கள். கடலை வாசம் காப்பியில் தெரியாது.

செய்முறை: தூளில் கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் மூடி வைத்து, துணியில் வடிகட்டி நன்றாக ஆறவிடுங்கள். சூடாக ஊற்றிக் குலுக்கினால் மூடி தெறித்துவிடும். 50 கிராம் குலா மலாக்காவை 50 மில்லிலிட்டர் நீரில் கரைத்துக் காய்ச்சினால் பாகு தயார். வாய் அகன்ற, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் போத்தலில் எல்லாவற்றையும் ஊற்றி, பாதி அளவுக்கு ஐஸ் போட்டு, 20 விநாடி வேகமாகக் குலுக்குங்கள். உடனே வடிகட்டிக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்தில் நுரை மேலே திரண்டு நிற்கும். பாலேக் பூலாவ் ஜாதிக்காயைக் கொஞ்சம் துருவித் தூவினால் அது நம்ம பினாங்குப் பானம்!

பிள்ளைகளுக்கு இதே போத்தலில் மைலோவைக் குலுக்கிக் கொடுங்கள்.

மதுவை ஏன் விட்டோம்? ‘காப்பி குடித்தால் போதை தெளிந்துவிடும்’ என்ற நம்பிக்கை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அது தவறு. காப்பி இரத்தத்தில் உள்ள மதுவின் அளவைக் குறைப்பதில்லை. தூக்கக் கலக்கத்தை மட்டும் மறைக்கிறது. உடல் தடுமாறும்போதும் ‘நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்’ என்று தோன்றும். இந்தக் காரணத்தால்தான் 2010-இல் அமெரிக்காவில், காஃபின் கலந்த மதுபானத் தயாரிப்பாளர்களுக்கு அரசு எச்சரிக்கை விடுத்தது.

விருந்து முடிந்து பாலம் தாண்டி பட்டர்வொர்த்துக்கு வண்டி ஓட்டும் தம்பிக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நம் நாட்டில் 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வாகனம் ஓட்டுபவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் மது 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைந்துவிட்டது. குடித்தவரைத் தெளிய வைப்பது நேரம் மட்டுமே. அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பாதீர்கள். பாய் போட்டுப் படுக்க வையுங்கள், அல்லது வாடகைக் காரில் ஏற்றி விடுங்கள்.

இன்னொன்று: காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய 5 மணி நேரமாகும். இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் தூங்கப் போகிறவர்கள் இந்தக் குவளையை விடுமுறை நாள் மாலைக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.