யாரையும் தனியாக அனுப்ப மாட்டோம்

தமிழ்நாட்டின் பல ஊராட்சிகளிலிருந்தும் நகர வார்டுகளிலிருந்தும் வந்து கூடியிருக்கும் நாங்கள், ஒரு குடிமக்கள் இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம் என்று இதன்மூலம் அறிவிக்கிறோம். எங்களில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பனியன் கம்பெனித் தொழிலாளர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கல்லூரி மாணவிகள், சிறுகடைக்காரர்கள் உண்டு. இயக்கத்தில் பொறுப்பேற்கும் எவரும் தேர்தலில் நிற்கப்போவதில்லை. எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்கப்போவதில்லை. பெயர், கொடி, சின்னம் பற்றிய பேச்சை ஓராண்டு தள்ளிவைத்திருக்கிறோம். கூடிய சூட்டிலேயே கொடியின் நிறத்துக்காகப் பிரிந்துபோன சங்கங்களை எங்களில் பலர் பார்த்திருக்கிறார்கள்.

2017 அக்டோபரில், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காத ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தன்னை மாய்த்துக்கொண்டது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அதே அலுவலகத்தில் அவர்கள் ஏற்கெனவே பலமுறை மனு கொடுத்திருந்தார்கள். அங்கே எடுக்கப்பட்ட படத்தைப் பார்த்து நாடே பதறியது. அதிகாரிகள் ஏன் கேட்கவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள், கேட்கத்தான் வேண்டும். அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்கிறோம். முந்தைய தடவைகளில் அவர்களோடு கூடப் போனது எத்தனை பேர்? ஐம்பது பேர் உடன் நின்று ஒப்புகைச் சீட்டு வாங்கி, அடுத்த திங்கட்கிழமை அதே ஐம்பது பேரும் அந்தச் சீட்டோடு திரும்பிப் போயிருந்தால், அந்த மனுவை ஓரமாக வைப்பது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது. எங்கள் முதல் கொள்கை இதிலிருந்து பிறந்தது. மனுவோடும் புகாரோடும் வழக்கோடும் யாரையும் தனியாக அனுப்ப மாட்டோம். இந்தப் பிரகடனத்தின் மற்ற பகுதிகளெல்லாம் இதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவை.

"என்ன பண்ணி என்ன ஆகப்போகுது", "எவன் வந்தாலும் இதேதான்" என்று டீக்கடையிலும் ரேஷன் வரிசையிலும் கேட்கிறோம். இப்படிப் பேசுகிறவர்களைச் சோம்பேறிகள் என்றோ சுயநலக்காரர்கள் என்றோ நாங்கள் பழிக்க மாட்டோம். அந்தச் சோர்வுக்குக் காரணங்கள் உண்டு. நமக்கு மிக அருகில் இருக்க வேண்டிய ஆட்சியே நம் கையில் நிலைத்திருப்பதில்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, அவை தனி அலுவலர்களின் கைக்குப் போயின. ஊரகத் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. நகரங்கள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்வதற்குக்கூட நாம் தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத காலம் அது. ஓட்டுக்கு வரும் பணமோ நம்மைக் குற்றவாளியாக்கி வாயை அடைக்கிறது. ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் 2017-இலும், வேலூர் மக்களவைத் தேர்தல் 2019-இலும் பணப் பட்டுவாடாவால் ரத்தாயின. வாங்கியவனுக்குக் கேட்க உரிமை இல்லை என்று கொடுத்தவர்களே நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். பணம் வாங்கியவருக்கும் கேட்க உரிமை உண்டு என்று இந்த இயக்கம் அறிவிக்கிறது. வறுமையில் கைநீட்டியவரை வெளியே நிறுத்திவிட்டு எந்த இயக்கமும் நடக்காது. வாங்காதீர்கள் என்று மன்றாடுவோம்; வாங்கியவரையும் கூட்டத்தில் உட்கார வைப்போம்.

மேலூர் வட்டாரத்தில் நடந்ததை எங்கள் பயிற்சிகளில் முதல் பாடமாக வைக்கிறோம். 2023-இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, முக்கியக் கனிமங்களின் சுரங்கங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசின் கைக்குப் போனது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் போன செய்தி வந்தது. ஏறத்தாழ 2,000 ஹெக்டேர். அதற்குள் அரிட்டாபட்டியும் வந்தது. சமணர் படுக்கைகளும் தமிழி கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் உள்ள ஊர். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அந்த மக்கள் முதலில் செய்தது சாலையில் உட்காருவது அல்ல. அந்த நவம்பர் மாதக் கிராம சபைகளில் ஊர் ஊராகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். மந்தைகளில் கூடிப் பேசினார்கள். விவசாயச் சங்கமும் வணிகர்களும் ஒன்று சேர்ந்தார்கள், கடைகள் அடைக்கப்பட்டன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று பல்லாயிரம் பேர் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்தை நோக்கி நடந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குப் போடப்பட்டது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது; வழக்குகளும் பின்னர் திரும்பப் பெறப்பட்டன.

மூன்று மாதத்துக்குள் கிடைத்த வெற்றி. அந்த மூன்று மாதத்தில் எது எதற்கு முன்னால் நடந்தது என்பதைக் கவனியுங்கள். தீர்மானம் எழுத்தில் இருந்தது, பிறகு ஊர்வலம் வந்தது. ஊர்வலத்தில் வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி வந்தார்கள். யாரோ சமூக ஊடகத்தில் கூப்பிட்டுச் சேர்ந்த கூட்டமாக அது இல்லை.

அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவும் இருக்கிறது. தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவரான முருகேசனும் அவருடன் பயணம் செய்த தோழர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காக. ஒரே மண்ணில் நடந்த இந்த இரண்டையும் சேர்த்தே நாங்கள் சொல்வோம். 'ஊர் ஒற்றுமை' என்று எவராவது பேசும்போது, அந்த ஊருக்குள் காலனி இருக்கிறதா என்று கேட்போம். எங்கள் கிளைகளின் கூட்டம் ஒருமுறை ஊருக்குள் நடந்தால் மறுமுறை காலனியில் நடக்கும். அங்கே வந்து ஒரே பாயில் உட்கார்ந்து அங்கே சமைத்ததைச் சாப்பிட மனமில்லாதவருக்கு இந்த இயக்கத்தில் இடமில்லை. கிளைப் பொறுப்புகளில் பாதி பெண்களுக்கு. இதில் பேரம் கிடையாது. மலைக்கும் மண்ணுக்கும் ஆபத்து வரும்போது மட்டும் கைகோத்துவிட்டு, மறுநாள் தேநீர்க் குவளையைப் பிரித்து வைக்கிற ஒற்றுமை எங்களுக்கு வேண்டாம்.

எல்லாப் போராட்டமும் மூன்று மாதத்தில் முடியாது. வாச்சாத்தியை எங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி, வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்தைச் சூறையாடின. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் உடைக்கப்பட்டன, கிணறு பாழாக்கப்பட்டது, ஊரே சிறைக்குப் போனது. அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றது அரசு. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் வழக்கறிஞர்களும் அந்த மக்களோடு நின்றார்கள். விசாரணை சிபிஐக்குப் போகவே மூன்று ஆண்டுகள் பிடித்தன. 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தொரு ஆண்டுகள்! அரசு ஊழியர்கள் இத்தனை பேர் ஒரே வழக்கில் தண்டிக்கப்பட்டதற்குப் பின்னால், படிப்பறிவே இல்லாத பெண்கள் நீதிமன்றத்தில் ஏறி, மிரட்டலுக்கு நடுவே, அடையாளம் காட்டிச் சொன்ன சாட்சியம் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாகப் போயிருந்தால் இது நடந்திருக்குமா?

வாச்சாத்திக்காக உழைத்தவர்களும் சோர்ந்துபோன நாட்கள் இருந்திருக்கும். முறை மாற்றிக்கொள்ள ஆள் இருந்தால் அந்த நாட்களைக் கடக்கலாம். ஆகவே எங்கள் அமைப்பு விதிகளில் ஓய்வும் ஒரு விதி. எந்தப் பொறுப்பும் ஒரே ஆளிடம் ஓராண்டுக்கு மேல் இருக்காது. மூன்று மாதம் தொடர்ந்து உழைத்தவர் ஒரு மாதம் ஒதுங்கியே ஆக வேண்டும். அந்த மாதத்தில் அவரைக் கூட்டத்துக்கு அழைப்பதுகூடத் தவறு. 2020-இன் வேளாண் சட்டங்களை எதிர்த்துப் பஞ்சாப் விவசாயிகளால் ஓராண்டுக்கு மேல் தில்லி எல்லையில் உட்கார முடிந்தது, ஊருக்கு இத்தனை பேர் என்று முறைவைத்து வந்தும் போயும் இருந்ததால்தான். வந்தவரின் வயலை ஊரில் இருந்தவர் பார்த்துக்கொண்டார். சட்டங்கள் 2021-இல் திரும்பப் பெறப்பட்டன. பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022-இலிருந்து கிராம சபைகளில் திரும்பத் திரும்பத் தீர்மானம் நிறைவேற்றிவருகிறார்கள். வீட்டு வேலையும் வயல் வேலையும் முடித்து இரவில் கூடிப் போராடிய மக்கள் அவர்கள். அந்த வேளைத் தேர்விலேயே பெரிய அறிவு இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். பிழைப்பைக் கெடுக்காத போராட்டம்தான் நெடுநாள் நிற்கும்.

தெருவில் இறங்க எல்லோராலும் முடியாது என்பதை முழு மனதோடு ஏற்கிறோம். அரசு ஊழியருக்கு வேலைப் பயம், மருமகளுக்கு வீட்டுக்குள் பயம், வயதானவருக்கு மூட்டுவலி. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் சுமார் நூறு பேர்தான். அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் மிரட்டினார். வழிநெடுக மக்கள் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கட்டியவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் இல்லாமல் அந்த நூறு பேர் கடற்கரையைத் தொட்டிருக்க முடியாது. எங்கள் கிளைகளில் மனு எழுதுபவர், கணக்குப் பார்ப்பவர், நீதிமன்றத்துக்குத் துணை போகிறவர், கைதானவர் வீட்டில் அன்றிரவு சமைத்துக் கொடுப்பவர் எல்லோரும் சமமான உறுப்பினர்கள்.

கைது பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். அனுமதி கேட்போம், மறுத்தால் நீதிமன்றம் போவோம், அதற்கும் வழியில்லாதபோது, அறிவித்துவிட்டு அமைதியாகத் தடையை மீறுவோம். பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டுவிடுவார்கள். சில நேரம் ரிமாண்ட் ஆகும். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு தந்த உரிமை. இதைக் கிளையில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்போம். கல்லெறிவதும் பேருந்தை உடைப்பதும் அதிகாரிகளின் குடும்பத்தாரைத் தொடுவதும் எங்கள் வழி கிடையாது. அது அறத்துக்குப் பிழை. ஆயிரம் பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஐந்து பேரை மட்டும் நிற்கவைத்து, மற்றவர்களைப் பயந்து வீட்டுக்கு ஓடவைப்பதும் அதுதான்.

பணத்தில் கண்டிப்பு. கட்சி, கம்பெனி, ஒப்பந்ததாரர் யாரிடமிருந்தும் ஒரு ரூபாய் வாங்க மாட்டோம். உறுப்பினர் சந்தா மாதம் 10 ரூபாய். முடியாதவருக்கு அதுவும் இல்லை. வரவுசெலவு மாதக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கப்படும். ராஜஸ்தானில் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994-இலிருந்து செய்ததும் இதைத்தான்; ஆனால் அரசின் கணக்கை வைத்துச் செய்தது. வேலை செய்ததாகக் காட்டிய கூலிப் பட்டியலை ஊர் நடுவில் பந்தல் போட்டுப் படித்தார்கள். செத்துப்போனவர் பெயரிலும் கூலி போயிருந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. அந்தப் பந்தல்களிலிருந்து வளர்ந்த கோரிக்கைதான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமானது. இன்று 10 ரூபாய்க்கு நமக்குக் கிடைக்கும் அந்த உரிமையை, கட்டைச் சுவரிலும் கோரைப் பாயிலும் உட்கார்ந்து கணக்குக் கேட்ட கூலிக்காரர்கள் வாங்கித் தந்தார்கள்.

வரும் அக்டோபர் 2 கிராம சபையோடு வேலையைத் தொடங்குகிறோம். ஒவ்வொரு கிளையும் ஆகஸ்ட் கடைசிக்குள், கடந்த நான்கு கிராம சபைகளின் தீர்மானப் புத்தக நகலையும், ஊராட்சியின் வரவுசெலவு விவரத்தையும் கேட்டுத் தகவல் உரிமை மனு அனுப்ப வேண்டும். பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. நகரங்களில் இருப்பவர்கள் வார்டு குழுவும் பகுதி சபையும் கடைசியாக எப்போது கூடின, யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள். கிராம சபைக்குக் குறைவெண் வரம்பு உண்டு. சிறு ஊராட்சிக்கே 50 பேர் வேண்டும். அந்த எண்ணிக்கையை நாமே நிரப்பிக்கொண்டு போவோம். எழுதாத பக்கத்தில் எவரும் கையெழுத்துப் போட வேண்டாம். தீர்மானத்தை அங்கேயே எழுதி, உரக்க வாசித்து, போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகே எழுந்திருப்போம். உங்கள் தெருவில் வாசிக்கத் தெரிந்த ஒருவரும் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் கிளை தொடங்கலாம். தாளுக்கும் கோர்ட் ஃபீ வில்லைக்கும் ஆகும் செலவை இயக்கம் ஏற்கும். முதல் மனுவைக் கொடுக்கப் போகிற அன்று பக்கத்துக் கிளையிலிருந்து ஐந்து பேர் உங்களோடு வருவார்கள்.